மருத்துவரைக் காணப் புறப்படுமுன்



ரயில்வே ஆபீசில் கோப்புகளோடு காலம் தள்ளும் எங்களுக்கு வைத்தியம் பற்றிப் பேச ஏது அருகதை? எனினும் 2024ஆம் ஆண்டில் எங்கள் இல்லத்தில் நேர்ந்ததைக் கூறுமாறு செயலாளர் பணித்தார்.

எங்கள் இல்லத்தரசியார் மிகுந்திருந்த உடல் எடையைக் குறைத்தார். எடை இறங்கியது, தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து தொங்கியது. புகைப்படம் எடுப்போரைக் கண்டால் முந்தானை கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கும் அவர் வரவில்லை. அறுவையால் இதைச் சீராக்கலாம் எனக் கேள்வியுற்று, கரக்பூரிலிருந்து ஹவுரா சென்று நிபுணர் ஒருவரைக் காண நாள் குறித்தோம்.

முதலில் இங்குள்ள டாக்டரிடம் கழுத்தைக் காட்டினோம். கழுத்தின் பருமன் எல்லாம் கொழுப்பன்று. விழுங்கும்போது முன்கழுத்தில் வீக்கம் மேலேறி இறங்குமானால் அது தைராய்டாக இருக்கலாம். நல்லவேளை, அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு முழுத்தாள் ஒன்றில் குறிப்பெழுதினோம். ஆபீஸ் பழக்கம் விடுமா? முன்பு நடந்த அறுவைகள், சர்க்கரை, இரத்த அழுத்தம், தழும்பு தடித்து வளரும் இயல்பு, உட்கொள்ளும் மருந்துகள் எல்லாம் அதில் ஏறின. தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினை மட்டும் "இதுவும் ஒரு மருந்தா?" என்று அம்மையார் விட்டுவிட்டார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அது. இவ்வறுவைக்குப்பின் தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதோ பெரிதும் அஞ்சத்தக்க இடர். ஊரிலிருந்து வரும் லேகியத்தையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. புகைபிடிப்போர் பல வாரம் முன்னதாகவே அதை விடவேண்டும். இல்லையேல் தோலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது.

கேள்விகளையும் எழுதினோம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு நிகரான பட்டம் உண்டா? காதோரத்திலும் தாடைக்கடியிலும் விழும் தழும்பு எவ்வளவு தெரியும்? நரம்பு பழுதுபட்டால் என்ன செய்வது? எத்தனை நாள் லீவு வேண்டும்? செலவைக் கேட்கவே வேண்டாம். வெறும் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. வண்டி தாமதம் என்பதை இந்தியில் விளக்கும் எங்களுக்குத் தோல் தொங்குவதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக்கொடுத்தான்.

நிபுணர் தாளைப் பொறுமையாகப் படித்தார். பின் அம்மையாரை நோக்கி, தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார்: "இது யாருடைய விருப்பம்?"

அறையில் மௌனம். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் சாப்பாட்டு வேளையில் "அலைதாடி" என்று கேலி செய்தது நினைவுக்கு வந்தது. மாட்டுக்குச் சொல்வதை மனைவிக்குச் சொன்னோம். அவர் அதை மறக்கவில்லை. அங்கே, எங்கள் முன்னிலையில், அதையே சொன்னார்.

நிபுணர் பேனாவை மூடினார். மூன்று மாதம் யோசித்து, விருப்பமிருந்தால் அம்மையார் மட்டும் தனியே வரட்டும் என்றார். திரும்பும் வண்டியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தாள் இன்று அவருடைய பெட்டியில் இருக்கிறது. போவதா வேண்டாமா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதில்லை. இன்று விழாவுக்கு வந்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.