கணக்கு யார் கையில்?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஐரோப்பாவில் எரிசக்தி, கணிப்பொறித் தொழில்நுட்பம், அரசியல் நல்லிணக்கம் ஆகிய மூன்றையும் குறித்து நிகழ்ந்துவரும் விவாதங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். தலைப்பு பெரிது, நேரம் சிறிது. பெரிய மாளிகைகளில் நடக்கும் விவாதத்தை அம்மாளிகையின் மாடத்திலிருந்தும் பார்க்கலாம். ஊரின் கடைக்கோடித் தெருவிலிருந்தும் பார்க்கலாம். நாம் கடைக்கோடித் தெருவிலிருந்தே பார்க்க விரும்புகிறோம். அங்கிருந்து பார்க்கும்போதுதான் ஒரு கொள்கையின் உண்மையான அளவு தெரியும் என்பது நம் கருத்து.

முதலில் எரிசக்தியையும் நல்லிணக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இவ்விரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1950 மே 9 அன்று, பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். பிரான்சும் ஜெர்மனியும் எடுக்கும் நிலக்கரியையும், ஆக்கும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்பதே அத்திட்டம். நிலக்கரி இன்றி ஆலை ஓடாது. எஃகு இன்றிப் பீரங்கி இல்லை. இவ்விரண்டின் கணக்கையும் பகைநாடுகள் இரண்டும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத் தொடங்கினால், ஒன்று அறியாமல் மற்றொன்று போருக்கு ஆயத்தம் செய்ய இயலாது. 1951 ஏப்ரல் 18 அன்று ஆறு நாடுகள் பாரிஸ் நகரில் ஒப்பமிட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுவேயாகும்.

கொடுக்கல் வாங்கல் இருந்தால் பகை தணியும் என்ற நம்பிக்கையை ஐரோப்பியர் பிற்காலத்தில் ரஷ்யாவிடமும் வைத்தனர். 2021-ஆம் ஆண்டில் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறக்குறைய 45 விழுக்காடு ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபோது அந்நம்பிக்கை உடைந்தது. இங்கே வாணிகம் இருந்தது. ஆனால் இரு தரப்பாரும் கட்டுப்பட்ட பொதுச் சட்டமும், இருவரும் சரிபார்க்கத்தக்க பொதுக் கணக்கும் இல்லை. நல்லிணக்கத்திற்கு வாணிகம் மட்டும் போதாது என்று அறிந்துகொள்ள ஐரோப்பா பெருவிலை கொடுத்தது.

அன்பர்களே, இவ்விவாதங்களில் அமர்ந்தவை யாவும் அரசுகள். தமக்கென ஓர் அரசு இல்லாத மக்களும் ஐரோப்பாவில் உள்ளனர். அவர்களே ரோமா மக்கள். கண்டம் முழுவதிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். ஐரோப்பிய ஒன்றியத்தினுள் மட்டும் சுமார் 60 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழும் பிரிவினர் சின்ட்டி எனப்படுவர். இம்மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்தம் மொழியே காட்டுகிறது. எக், துய், த்ரின், ஸ்தார், பஞ்ச் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். தண்ணீரைப் பானி என்கிறார்கள். 1971-இல் லண்டன் அருகே கூடிய அவர்களது முதல் உலக மாநாடு, இந்தியக் கொடியில் உள்ளதைப் போன்ற ஒரு சக்கரத்தைத் தன் கொடியில் ஏற்றது. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மால்டாவியாவிலும் வலாக்கியாவிலும் 1855, 1856-ஆம் ஆண்டுகள் வரை இவர்கள் அடிமைகளாக வாங்கி விற்கப்பட்டவர்கள். அவர்கள் வரலாறும் நம் வரலாறும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஆயினும், ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பு என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நமக்கு அவர்களும் விளக்க வேண்டியதில்லை.

பல்கேரியாவில் துப்னிட்சா என்றொரு நகரம். அங்கே கிஸ்தோவா மகாலா என்னும் பகுதியில் பெரும்பாலும் ரோமா மக்களே வாழ்கின்றனர். 1999, 2000 ஆண்டுகளில் மின் வழங்கு நிறுவனம் அப்பகுதியினர் அனைவரின் மின் மீட்டர்களையும் கான்கிரீட் கம்பங்களில், 6 முதல் 7 மீட்டர் உயரத்தில் பொருத்தியது. பிற பகுதிகளில் மீட்டர்கள் வீட்டுச் சுவரிலோ வேலியிலோ 1.70 மீட்டர் உயரத்தில், அதாவது ஒருவர் நின்று படிக்கும் உயரத்தில் இருந்தன. மகாலாவாசி தன் மீட்டரைப் பார்க்க விரும்பினால் எழுத்து வழி விண்ணப்பம் தர வேண்டும். மூன்று நாட்களுக்குள் ஏணிமேடை பொருத்திய ஊர்தி ஒன்றை அனுப்புவோம் என்றது நிறுவனத்தின் விதி.

அப்பகுதியில் மளிகைக் கடை நடத்திய ஒரு பெண்மணி 2008-இல் முறையீடு செய்தார். அவர் ரோமா இனத்தவர் அல்லர். ஆனால் அவர் கடையின் மீட்டரும் அதே உயரத்தில்தான் இருந்தது. மின்திருட்டும் மீட்டர் சேதமும் நிகழ்வதால் இவ்வாறு செய்தோம் என்றது நிறுவனம். அதற்குச் சான்று எங்கே என்று கேட்டபோது, அது யாவரும் அறிந்த செய்தியே என்ற பாங்கில் விடை வந்தது. நண்பர்களே, ‘யாவரும் அறிந்த செய்தி’ என்ற இச்சொற்றொடரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சான்று கேட்கப்படாத குற்றச்சாட்டு எங்கும் இவ்வுடையைத்தான் அணிந்து வருகிறது.

வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை அடைந்தது. 2015 ஜூலை 16 அன்று அதன் பேராயம் தீர்ப்புரைத்தது. ஒரு தெருவில் வாழ்வோர் அனைவரையும், தனித்தனியே விசாரிக்காமல், குற்றவாளிகளைப் போல நடத்துவது இழிவுபடுத்துவதும் முத்திரை குத்துவதுமாகும் என்று அது சுட்டிற்று. தன் மின் செலவைத் தானே பார்த்து அறிவது நுகர்வோரின் உரிமை என்பதையும் வலியுறுத்தியது. அவ்வினத்தில் பிறவாதவராயினும், அவ்வினத்தாரோடு சேர்ந்து அதே தீங்கை அனுபவிப்பவருக்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்று கூறியது. இறுதியாக எடைபோடும் பொறுப்பைப் பல்கேரிய நீதிமன்றத்திற்கு விட்டது.

ஐரோப்பாவின் எரிசக்தி விவாதத்தில் குழாய்களும், அணு உலைகளும், காற்றாலைகளும் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அந்த எரிசக்தி ஒருவன் வீட்டுக்கு வரும் இடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதிலுள்ள எண்ணைப் படிக்க அவனால் முடிகிறதா என்பதும் எரிசக்திக் கொள்கையே. அப்பெட்டியும் இப்போது கணிப்பொறியாகி வருகிறது. வீட்டினர் எப்போது விளக்கேற்றினர், எப்போது வெளியே சென்றனர் என்பதை அதுவே சொல்லிவிடும் என்ற அச்சத்தால், அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009-இல் நெதர்லாந்தின் மேலவை தடுத்தது. அங்கே நாம் மீட்டரைப் படிக்கிறோமா என்பதோடு, மீட்டர் நம்மைப் படிக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இனி, மனிதரைப் படிக்கும் ஏடுகளைப் பற்றிப் பார்ப்போம். இதுவே நம் உரையின் நடு இடம்.

1936-இல் நாஜி அரசு பெர்லினில் ஓர் ‘இன நல’ ஆய்வு நிலையத்தை அமைத்தது. ராபர்ட் ரிட்டர் என்பவர் அதன் தலைவர். அவருடைய ஆட்கள் சின்ட்டி, ரோமா மக்களின் வீடுகளுக்குச் சென்று, வம்சாவளி கேட்டு, தலையையும் முகத்தையும் அளந்து, ஏறக்குறைய 24,000 பேரைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்தனர். அந்த அட்டைகளே அவர்களை வதை முகாமுக்கு அனுப்புவதற்கு வழி செய்தன. 1944 ஆகஸ்ட் 2 இரவில், ஆஷ்விட்ஸ் முகாமில் எஞ்சியிருந்த ரோமா, சின்ட்டி மக்கள் சுமார் 4,300 பேர், குழந்தைகள் முதியோர் உட்பட, கொல்லப்பட்டனர். ஐரோப்பா முழுவதும் மாண்டோர் இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று கணிப்பவர்கள் உண்டு.

போர் முடிந்தது; ஏடுகள் முடியவில்லை. அக்கோப்புகளில் பல, காவல் துறையினரிடமும் ஆய்வாளர்களிடமும் தொடர்ந்து இருந்தன. உயிர் தப்பியவர்கள் இழப்பீடு கோரியபோது, பழைய அதிகாரிகளே வல்லுநர்களாக வந்து கருத்துரைத்தனர். 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், 1943-க்கு முந்திய நாடுகடத்தல்கள் இனவெறியால் நிகழ்ந்தவை அல்ல. அம்மக்களின் இயல்பை முன்னிட்டு எடுத்த பாதுகாப்பு நடவடிக்கைகளே என்று தீர்ப்பளித்தது. 1963-இல் அது ஓரளவு திருத்தப்பட்டது. அத்தீர்ப்புக்காக வெட்கப்படவே முடியும் என்று அந்நீதிமன்றத்தின் தலைவர் கூறுவதற்கு 2015 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் என்ன செய்தார்கள்? நம் இளைஞர்கள் உற்றுக் கேட்க வேண்டிய பகுதி இது. 1980-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாட்களில், தாக்காவ் வதை முகாம் இருந்த இடத்தில், சின்ட்டி மக்கள் சிலர் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்களுள் முகாமிலிருந்து உயிர் மீண்டோரும் இருந்தனர். இரக்கம் காட்டுங்கள் என்பது அவர்கள் கோரிக்கையன்று. எங்களைப் பற்றி எழுதிய ஏடுகள் எங்கே என்று கேட்டனர். 1981 செப்டம்பரில் ஒரு குழுவினர் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆவண அறைக்குள் சென்று அமர்ந்துகொண்டனர். அங்கிருந்த கோப்புகள் கோப்ளென்ஸ் நகரின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்திற்கு மாற்றப்பட்டன. 1982 மார்ச் 17 அன்று ஜெர்மன் தலைமை அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட், சின்ட்டி ரோமா மையக் குழுவினரை வரவேற்று, நிகழ்ந்தது இனப்படுகொலையே என்று அரசின் சார்பில் ஒப்புக்கொண்டார். பிரான்சோடு ஜெர்மனி கைகோத்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே, தன் சொந்தக் குடிமக்களோடு நல்லிணக்கத்தின் முதற்படியில் அது கால் வைத்தது. அதுவும், பாதிக்கப்பட்டோர் ஏட்டைக் கேட்ட பிறகுதான்.

கணிப்பொறி வந்தபோது இவ்வரலாற்றின் நினைவு ஐரோப்பாவை எச்சரித்தது. உலகிலேயே முதன்முதலில், 1970-இல், ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் தரவுக் காப்புச் சட்டம் இயற்றியது. 1983 டிசம்பர் 15 அன்று, தன்னைப் பற்றிய தகவல் எவரிடம் செல்லலாம் என்று முடிவு செய்வது ஒருவரது அடிப்படை உரிமை என ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் கூறியது. ஒன்றியத்தின் பொதுத் தரவுக் காப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் செயலில் உள்ளது. இனம் பற்றிய தகவலைச் சேர்ப்பது அதன்படி, சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டதாகும்.

ஆயினும் சட்டம் இருக்கும் இடத்திலும் ஏடு பிறக்கிறது. சுவீடனின் தென்பகுதிக் காவல் துறையினர் ரோமா மக்கள் 4,000-க்கும் மேற்பட்டோரைக் கணிப்பொறிப் பதிவேடு ஒன்றில் சேர்த்திருந்தனர் என்று 2013-இல் ஒரு நாளேடு வெளிப்படுத்தியது. குற்றம் ஏதும் செய்யாதவர்களும், சிறு குழந்தைகளும், இறந்தவர்களும் அதில் இருந்தனர். அவர்களில் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். இனத்தின் காரணமாகவே பதியப்பட்டனர் என்று கண்ட நீதிமன்றம், 2016-இல் ஆளுக்கு 30,000 குரோனா இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அன்று ரிட்டரின் ஆட்கள் அளவுகோலோடு வீடு வீடாக நடந்தார்கள். இன்று ஒரு விசையை அழுத்தினால் போதும். 2024-இல் நடைமுறைக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆளின் இயல்புகளை மட்டும் வைத்து இவன் குற்றம் செய்வான் என்று பொறி கணிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருப்பது இதனாற்றான்.

அப்படியானால் கணக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடாது, நண்பர்களே. செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரில், ரோமா குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. நகரின் தொடக்கப் பள்ளி மாணவர்களில் ரோமா குழந்தைகள் 2.26 விழுக்காடு, சிறப்புப் பள்ளிகளிலோ 56 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை முன்வைத்தே 18 மாணவர்கள் வழக்காடினர். 2007 நவம்பர் 13 அன்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 13 நீதிபதிகள் ஒருபுறமும் 4 பேர் மறுபுறமுமாக, இது பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. எவரும் வாய்திறந்து இழிசொல் கூறவில்லை. எண்கள்தாம் உண்மையைக் கூறின.

ஜெர்மனியும் பிரான்சும் மக்கள் தொகைக் கணக்கில் இனத்தைக் கேட்பதில்லை. பழைய கொடுமையின் அச்சம் அதற்கு ஒரு காரணம். அதனால் அங்கே பாகுபாட்டை மெய்ப்பிக்க எண்கள் கிடைப்பதில்லை என்று குறைகூறுவோரும் உண்டு. நம் நாட்டில் பட்டியல் சாதியினர் எண்ணப்படுகிறோம். அந்த எண்ணிக்கையினாலேயே தொகுதியும், கல்வி உதவியும், பணியிடமும் கேட்கிறோம். கையில் உள்ள சான்றிதழ் கதவைத் திறக்கவும் செய்யும். சிலர் கண்ணில் நம்மை அடையாளம் காட்டவும் செய்யும். இந்த இருமுனையை அறிந்தவர்கள் நாம். ஆதலால் இவ்விவாதத்தில் நமக்கும் சொல்ல இடமுண்டு.

ஏடு யாரால் எழுதப்படுகிறது, யாரிடம் இருக்கிறது, பிழையிருந்தால் திருத்துவோர் யார், எழுதப்பட்டவன் அதைப் படிக்க முடியுமா என்பவையே ஐரோப்பாவின் மூன்று விவாதங்களுக்கும் அடியில் கிடக்கும் கேள்விகள். ஷூமன் திட்டத்தில் பகைவர் இருவரும் ஒரே கணக்கைப் பார்த்தனர், இணக்கம் பிறந்தது. துப்னிட்சாவில் கணக்கை ஏழு மீட்டர் உயரத்தில் ஏற்றிவைத்தனர்; வழக்குப் பிறந்தது.

இளைஞர்களே, இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் படியுங்கள் என்று கூறிவருகிறது. பட்டம் பெறுவதற்கும் வேலை பெறுவதற்கும் படிக்கத்தான் வேண்டும். அதனோடு, நம்மைப் பற்றி எழுதப்படும் ஏடுகளைப் படிப்பதற்காகவும் படியுங்கள். நம்மில் சிலர் சட்டம் பயிலட்டும். சிலர் புள்ளியியல் பயிலட்டும். சிலர் கணிப்பொறியின் உள்ளே நிகழ்வதைப் பயிலட்டும். ஊராட்சியின் வரவு செலவையும், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும், விடுதியின் உணவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் நம் தெருவில் வளரட்டும். அந்த மளிகைக் கடைப் பெண்மணி தன் கடையின் மீட்டரைப் படிக்க விரும்பினார். அதற்காக ஒரு முறையீடு எழுதினார். ஐரோப்பாவின் பேரவைகள் அதற்கு விடை கூற வேண்டியதாயிற்று.