சங்கு நொறுங்கிய தீவு

(கப்பல்துறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வில்லியம் கோல்டிங் எழுதி 1954-இல் வெளிவந்த 'லார்ட் ஆப் த ஃப்ளைஸ்' என்னும் புதினத்தில், தீவில் தனித்துவிடப்பட்ட சிறுவர்கள் சங்கொன்றைக் கண்டெடுக்கின்றனர். அதை ஏந்தியவனுக்கே பேச்சுரிமை. வழக்கறிஞன் கண்ணுக்கு அது சட்டமே. சங்கைப் பற்றியவாறே நியாயம் கேட்கும் பிக்கியை, ரோஜர் பாறையை உருட்டிக் கொல்கிறான், சங்கும் நொறுங்குகிறது. கொலையினும் கொடியது, அவன் கூட்டத்தில் ஒருவனும் அதைத் தட்டிக் கேளாமை என்பேன். இறுதியில் மீட்க வந்து, சிறுவரைக் கடிந்துகொள்பவனோ போர்க்கப்பல் அதிகாரி! போர்க்கப்பல்களைக் கண்டே வளர்ந்த நமக்கு அவனை விளக்கவும் வேண்டுமோ?

2006 சனவரி 2-இல் திருக்கோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட, அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019-இல், போதிய சான்றில்லையென விடுவிக்கப்பட்டனர். அதற்குள் சாட்சிகள் சிலர் உயிருக்கஞ்சி நாட்டைவிட்டே அகன்றிருந்தனர்.