பழக்கடைக் கணக்கு

தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டியில் ஒரு பழக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் 2 கிலோ பன்னீர் திராட்சையும் 3 கிலோ வாழைப்பழமும் வாங்கி 310 ரூபாய் கொடுக்கிறார். அடுத்தவர் அதே 2 கிலோ திராட்சையோடு 1 கிலோ வாழைப்பழம் வாங்கி 210 ரூபாய் கொடுக்கிறார். தனித்தனி விலை என்ன?

முதல் பில்லில் இருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். திராட்சை காணாமல் போய்விடும். மிஞ்சுவது 2 கிலோ வாழைப்பழம், 100 ரூபாய். ஆக, வாழைப்பழம் கிலோ 50, திராட்சை 80. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் 'நீக்கல் முறை' என்கிறார்கள்.

கி.பி. 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' நூலில் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் 107 காசு. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் 101 காசு. ஒவ்வொன்றும் என்ன விலை?

இங்கே எதுவும் சமமாக இல்லை. நாமே சமமாக்க வேண்டியதுதான். முதல் கணக்கை 9-ஆலும், அடுத்ததை 7-ஆலும் பெருக்குங்கள். இரண்டிலும் விளாம்பழம் 63 ஆகிவிடும். கழித்தால் 32 நார்த்தம்பழம் 256 காசு. ஒன்று 8 காசு. விளாம்பழம் 5 காசு.

இந்த நூலை ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-இல் சென்னையில் அச்சானது.

வகுப்பில் இந்த நார்த்தம்பழக் கணக்கை நடத்திய வாத்தியார், "விடை சரிதானேப்பா?" என்று கேட்டார்.

பையன் சொன்னான்: "விடை சரிங்க சார். இந்த விலைக்கு எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லுங்க, அம்மாவை அனுப்புறேன்!"