நாவை அளப்பார்க்குத் தமிழ் வேண்டாவா?

விழுப்புரத்துப் பெற்றோர்களே, திண்டிவனத்துத் தமிழாசிரியர்களே!

காது கேளாக் குழந்தைக்கும் பேச்சுத் திருந்தாக் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் பயிற்சியளிப்பார் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்கிறது, 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம். மீறுவார்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 உருபா வரை தண்டம், அல்லது இரண்டுமே. நன்று, போலிகளைத் தடுக்க அவ் வேலி வேண்டுவதே.

ஆனால், அச் சட்டம் கேட்பது குழுமம் ஏற்ற கல்வித் தகுதி. தமிழறிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கிலி, கிளி, கிழி மூன்றையும் பிரித்துணராச் செவி, தமிழ்க் குழந்தையின் செவியை எங்ஙனம் அளக்கும்? பழத்தைப் 'பளம்' என்பாரும் 'பயம்' என்பாரும் வடதமிழகத்தில் உளர். அது வட்டார வழக்கு; நோயன்று. வழக்கறியாப் பயிற்றுநர் அதனைக் குறையெனப் பதிந்தால், குறையில்லாக் குழந்தை பயிற்சிக்கு இழுக்கப்படும். மெய்யாகவே கேளாத குழந்தையோ கடைசி விசிப்பலகையில் வாளாவிருக்கும்.

பணியமர்த்துமுன் தமிழொலித் தேர்வொன்று வேண்டுமென ஊர்தோறும் கையொப்பமிட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு விடுங்கள்.