மலைப்பாதையில் ஒரு நாள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



கடந்த மே மாதம் நம் கூட்டமைப்பிலிருந்து 22 பேர் கொல்லிமலைக்குப் போய் வந்தோம். "அங்க என்னதான் பார்த்தீங்க?" என்று வராதவர்கள் கேட்கிறீர்கள். பார்த்ததையும் சொல்கிறோம், நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்கிறோம்.

கிளம்புவதே பெரிய பாடாக இருந்தது. "மலை ஏறி என்ன பண்ணப் போற?" என்று சில வீடுகளில் கேட்டார்கள். தண்ணிக்கு நடக்கிறோம், விறகுக்கு நடக்கிறோம், களையெடுக்க நடக்கிறோம். நமக்காக ஒரு நாள் நடந்தால் என்ன என்று குழுவில் பேசித் தீர்மானம் எழுதினோம். வேன் வாடகையை ஆளுக்குச் சமமாகப் போட்டோம். சேமிப்பில் கை வைக்கவில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேருக்கு வாந்தி. மேலே போய் இறங்கியதும் காற்றே வேறு மாதிரி இருந்தது. மலைக் குழுவின் ஊக்குநர் அக்கா வழிகாட்ட வந்தார். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். சாமையும் தினையும் விதைக்கிற நிலம் மழைக்குக் காத்துக் கிடந்தது. பலா மரத்தில் அடியிலிருந்தே காய். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி.

"ரோடு வராத காலத்துல பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்கிட்டு இறங்கினது இந்தத் தடத்துலதான்" என்றார் அந்த அக்கா. அதன் பிறகு யாரும் கால் வலி என்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா முன்னால் போய்விட்டார். "சத்தம் பக்கத்துலதான் கேக்குது, பார்த்துட்டு ஓடி வந்துடலாம்" என்று நாங்கள் நாலு பேர் யாரிடமும் சொல்லாமல் தடத்தை விட்டு இறங்கினோம். மற்றவர்களைத் தடுக்க வேண்டிய ஒருங்கிணைப்பாளரே அந்த நாலில் ஒருவர். அதையும் மறைக்கவில்லை.

பள்ளத்தில் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது, தண்ணீரைக் காணோம். திரும்பினால் வந்த வழி தெரியவில்லை, எல்லாம் ஒரே புதர். போனில் சிக்னல் இல்லை. கையிலிருந்த பாட்டிலும் காலி. வயதில் மூத்த அக்காவுக்குத் தலை சுற்றி, கால் நரம்பு இழுத்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, பயந்துவிட்டோம்.

அப்போது அந்த மூத்த அக்காதான், "இனிமே ஒரு அடி நகர வேண்டாம். ஆடு தொலைஞ்சா அலையற ஆட்டைத் தேடறதுதான் கஷ்டம்" என்றார். நிழலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மூன்று தடவை கத்தினோம். மேலே உணவுக்கு உட்கார்ந்தவர்கள் தலையை எண்ணியிருக்கிறார்கள். நாலு பேர் குறைவு. ஒடிந்த செடியையும் செருப்புத் தடத்தையும் பார்த்தே ஊக்குநர் அக்கா வந்து சேர்ந்தார். திட்டவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். தேறியதும் மேலே ஏறினோம்.

சகோதரிகளே, கோடையில் மலை விளையாட்டு இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதில் பெண்களும் பலர். காய்ந்த புல் பிடித்தால் மேட்டை நோக்கித் தீ வேகமாக ஏறும். நம்மால் ஓடித் தப்ப முடியாது. அதனால் அடுத்த பயணத்துக்கு இப்படித் தீர்மானம் போட்டிருக்கிறோம்:

வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. உள்ளூர் ஆள் இல்லாமல் தடத்தை விட்டு விலகக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கழுத்தில் ஒரு விசில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். அடுப்பு, தீப்பெட்டி கூடாது.

மதியம் அந்த அக்கா துணையோடு அதே தண்ணீரைப் போய்ப் பார்த்தோம். நாங்கள் தேடிய திசைக்கு நேர் எதிரே, பாறை இடுக்கில் ஒரு சின்ன ஊற்று. கை நிறைய அள்ளிக் குடித்தோம்.

கணக்கைக் குழுவில் சொல்லாமல் தனியாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறோம். இந்த முறை நாங்களே நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம். அடுத்த பயணத்துக்கு யார் யார் வருகிறீர்கள், பெயர் கொடுங்கள்.