எபிசோட் எழுத்து வடிவம்: ஒழுகுற பெட்ரோல் டேப்பும் ஒரு தறிக்குழியும்

போன எபிசோட்ல பழைய பைக் வாங்குறதைப் பத்திப் பேசினோம். நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "டேங்க்குக்கு அடியில பெட்ரோல் சொட்டுது, என்ன பண்றது?" இன்னைக்கு அதை மட்டும் பார்க்கலாம்.

பெட்ரோல் டேப், சில பேர் பெட்ரோல் காக்னு சொல்லுவாங்க. ஆன், ஆஃப், ரிசர்வ்னு திருப்புவோமே, அதுதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான பைக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அதனால இந்த டேப்பைத் தொட்டே பார்க்காதவங்க நம்ம லிசனர்ஸ்ல இருப்பீங்க. டேங்க்குக்குள்ள ஒரு குழாய் உயரமா நிக்கும், ஆன்ல வச்சா அது வழியா பெட்ரோல் வரும். பெட்ரோல் மட்டம் அதுக்குக் கீழ போயிட்டா, ரிசர்வ்ல அடியில இருக்கிற ஓட்டை வழியா வரும். ரிசர்வ்னு தனி டேங்க் எதுவும் கிடையாது.

நான் சமீபத்துல ரிப்பேர் பண்ணது எங்க மாமாவோட யமஹா ஆர்எக்ஸ்100. 50 வருஷம் தாண்டினாத்தான் விண்டேஜ்னு 2021-ல மத்திய அரசு விதி போட்டுச்சு. 1985-ல வந்த ஆர்எக்ஸ்100 அந்தக் கணக்குல இன்னும் விண்டேஜ் இல்ல. மாமாகிட்ட அதைச் சொல்லிடாதீங்க.

மாமா வீடு திருத்தணி பக்கம், அம்மையார்குப்பம். நெசவு ஊரு. வீட்டு முன் அறையிலேயே குழித்தறி, பக்கத்துல நூல் கட்டு, அதை ஒட்டி பைக். "சோப்பு தேய்ச்சு வச்சிருக்கேன் மாப்ள, நிக்குது"ன்னார். சோப்பு வெளிப்பக்கக் கசிவைக் கொஞ்ச நேரம் அடைக்கும், அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, அது ஹாட்ஃபிக்ஸ். பக் உள்ளயே இருக்கு.

அதனால முதல்ல அளந்து பார்த்தோம். பைக்கை வெளியே தள்ளி, கார்புரேட்டருக்குப் போற ஹோஸைக் கழட்டி, டேப்பை ஆஃப்ல வச்சு, கீழ ஒரு கண்ணாடி பாட்டில். 10 நிமிஷத்துல 6 மில்லி. அப்போ ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் கிட்டத்தட்ட 290 மில்லி. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனமானது. மேல போகாது, தரையில படியும், பள்ளம் கிடைச்சா அதுல தேங்கும். அந்த அறையில பள்ளம்னா தறிக்குழிதான். மாமா காலை நீட்டி உட்கார்ற இடம். ஒரு சுவிட்ச்ல வர்ற பொறி போதும். கணக்கைக் காட்டின உடனே மாமா எதுவும் பேசல. பைக் அன்னைக்கே தாழ்வாரத்துக்குப் போயிடுச்சு.

இப்போ ரிப்பேர். கசிவு ரெண்டு வகை. லீவர் ஓரத்துலயோ டேங்க் சேர்ற இடத்துலயோ ஈரம் இருந்தா வெளிக்கசிவு. ஆஃப்ல வச்சும் ஹோஸ் வழியா வந்தா உள்கசிவு. மாமா வண்டியில ரெண்டுமே இருந்துச்சு.

வெட்டவெளியில, பீடி சிகரெட் அடுப்பு எதுவும் பக்கத்துல இல்லாம, பெட்ரோலை முழுசா ஒரு மெட்டல் கேன்ல இறக்கிடுங்க. டேங்க்கோட சேர்ற ரெண்டு போல்ட்டைக் கழட்டினா டேப் கைக்கு வந்துடும். லீவர் மேல இருக்கிற தகட்டுல ரெண்டு சின்ன ஸ்க்ரூ. ஜப்பான் வண்டி ஸ்க்ரூவுல சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் சரியா உட்காராது, வழுக்கித் தலையைத் தின்னுடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் கிடைச்சா நல்லது. பார்ட்ஸ் எந்த வரிசையில வருதோ, அதே வரிசையில ஃபோட்டோ எடுத்துக்கோங்க: தகடு, அலை மாதிரி வளைஞ்ச வாஷர், லீவர், அதுக்குக் கீழ ஓட்டை போட்ட ரப்பர்.

அந்த ரப்பர்தான் குற்றவாளி. கல்லு மாதிரி இறுகி, லீவர் சுத்தின தடம் பள்ளமா விழுந்திருந்துச்சு. இப்போ பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர்ல சிலது எத்தனால் பட்டா ஊதும், காய்ஞ்சா சுருங்கி இறுகும். கேக்கும்போது விட்டான் ரப்பர்னு கேட்டு வாங்குங்க. பழைய இங்கிலீஷ் வண்டியில கார்க் இருக்கும், அதுவும் காய்ஞ்சா சுருங்கி ஒழுகும்.

ஆனா ரப்பர் மாத்தினா மட்டும் வேலை முடியாது. லீவரோட முகத்துல கோடு விழுந்திருந்துச்சு. ஏன்? டேங்க்குள்ள துரு. எத்தனால் தண்ணியை இழுக்கும், ரொம்ப நாள் நிக்கிற வண்டியில அந்தத் தண்ணி அடியில தங்கித் துருவாகும். துருத்தூள் டேப்புக்குள்ள இறங்கி, திருப்புறப்போ எல்லாம் அரைக்கும். அதனால டேங்க்கைக் கழுவி, ஃபில்டர் வலையைச் சுத்தம் பண்ணி, லீவர் முகத்தைக் கண்ணாடி மேல நைஸ் எமரி பேப்பர் வச்சு, கொஞ்சம் ஆயில் விட்டு, மெதுவா தேய்ச்சு எடுத்தோம். டேங்க்கைக் கழுவாம விட்டிருந்தா புது ரப்பரும் சீக்கிரமே போயிருக்கும்.

எல்லாத்தையும் மாட்டினதும் திரும்ப அதே டெஸ்ட். 10 நிமிஷம், பாட்டில் காலி. அப்புறம் ராத்திரி முழுக்க வெளியவே நிறுத்தி, அடியில செய்தித்தாள் விரிச்சோம். காலையில தாள் காய்ஞ்சே இருந்துச்சு.

டேப் சரியானாலும் பைக் இப்பவும் தாழ்வாரத்துலதான் நிக்குது. ரப்பர் என்னைக்காவது திரும்ப இறுகும், அன்னைக்கு அது எங்க நிக்குதுங்கிறதுதான் முக்கியம். உங்க வீட்டுல பழைய வண்டி இருந்தா இந்த வாரம் அந்தப் பாட்டில் டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க, எத்தனை மில்லின்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல கார்புரேட்டர் ஃப்ளோட்டைப் பத்திப் பேசலாம்.