ஆறாம் நாள் சமையல்

(மாதர் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஆண்டுவிழா மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



"வீட்டுச் சமையலும் வேலைப்பளுவும்" என்று தலைப்புத் தந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தச் சபையில் என்னைவிட நன்றாகச் சமைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆகவே நான் சமையற்குறிப்புச் சொல்ல வரவில்லை. பல வருடங்களாக நான் பிழையாகச் செய்துவந்த ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

மூன்று மாரிகாலங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். எனக்கு முதியோர் பராமரிப்பில் முறை வேலை. ஒரு கிழமை பகல், மறு கிழமை பின்னேரம். என் கணவர் விடிய நாலரைக்கு எழும்பிப் போவார். மகனுக்கு உதைபந்தாட்டப் பயிற்சி, மகளுக்கு நீச்சல். ஒரு வியாழக்கிழமை நான் அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்து இரண்டு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓட ஆயத்தமானேன். அப்போது ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் ஏன் ஒரு நாளும் இருந்து சாப்பிடுறேல்லை?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பேருந்தில் இருந்தபோதுதான் யோசித்தேன். கடந்த இரண்டு கிழமையில் நாங்கள் நால்வரும் ஒரே மேசையில் எத்தனை தரம் இருந்தோம்? ஒரு தரம். அதுவும் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் மண்டபத்தில். அதே மாதம் கணவரின் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. மூன்று மாதச் சீனி அளவு 52. நோர்வேயில் 48 வந்தாலே நீரிழிவு என்கிறார்கள். "இரவு பத்து மணிக்கு ஒரு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டாராம். எங்கள் வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்தவர்போல் கேட்டிருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரம் அல்ல. 1956இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நோர்வேக்கு வந்தார். பின்னர் படிக்க வந்தவர்கள், போரினால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று நம் சமூகம் இங்கே வளர்ந்தது. நம் மூத்தவர்களில் பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று வேலை செய்தவர்கள். அவர்களுக்கு வீட்டில் ஒரு கோப்பை சோறும் உறைப்புக் கறியும் ஊரையே கொண்டுவந்து தந்தன. அந்தச் சோற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2002இல் ஒஸ்லோவில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடையே நடந்த சுகாதார ஆய்வில், இலங்கையிலிருந்து வந்த நம்மவரிடையே நீரிழிவு மிக அதிகமாகக் காணப்பட்டது. இங்கு வந்தபின் தெற்காசியரின் சாப்பாட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கூடி, பருப்பும் பயறும் குறைந்தன என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரில் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடந்த கால்கள் இங்கே ரயிலில் போகின்றன. கோப்பையின் அளவு மாத்திரம் மாறவில்லை.

இதற்கு வேதத்தில் என்ன வழி இருக்கிறது என்று தேடினேன். யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. வனாந்தரத்தில் ஜனங்கள் நாளாந்தம் மன்னாவைச் சேர்த்தார்கள். பேராசையில் மறுநாளைக்கு வைத்தது புழுத்துப் போனது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்துச் சமைத்து வைக்கச் சொன்னார் கர்த்தர், அது பழுதாகவில்லை. ஏன்? ஏழாம் நாளில் எல்லோரும் ஓய்ந்திருக்கவேண்டும் என்பதற்காக. சமைக்கிறவளும் அந்த "எல்லோரில்" அடக்கம் என்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பூட்டு. வந்த புதிதில் அதை ஒரு கரைச்சலாகவே நினைத்தேன். இப்போது அதையும் ஒரு ஞாபகப்படுத்தலாக எடுத்துக்கொள்கிறேன்.

உடனே ஒரு திட்டம் போட்டேன். ஏழு நாளுக்கும் பதினான்கு கறி. அழகாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். இரண்டு கிழமையில் அது தோற்றுப்போனது. சமைக்க நேரமில்லாதவள் இன்னும் கூடச் சமைக்கத் திட்டம் போட்டால் என்ன நடக்கும்? நான் இன்னும் களைத்தேன், இன்னும் எரிந்து விழுந்தேன்.

இரண்டாம் தரம் கறியிலிருந்து தொடங்கவில்லை, நாட்காட்டியிலிருந்து தொடங்கினேன். எனக்கு எப்போது வேலை, அவருக்கு எப்போது வேலை, பிள்ளைகளுக்கு எப்போது பயிற்சி என்று முதலில் எழுதினோம். பிறகு, நால்வரும் ஒன்றாக இருக்கக்கூடிய நான்கு வேளைகளைத் தேடினோம். ஏழு அல்ல, நான்கு. அவற்றில் இரண்டு மாலை ஐந்து மணிக்கு அமைந்தன. நோர்வேக்காரர் மிட்டாக் சாப்பிடும் நேரம். ஒன்று சனிக்கிழமைக் காலை. ஒன்று ஆராதனை முடிந்த ஞாயிறு மத்தியானம். அந்த நான்கு வேளைக்கும் தொலைபேசி மேசைக்கு வராது, அம்மா நிற்கக்கூடாது. இந்த இரண்டுதான் சட்டம்.

பிறகுதான் சமையல். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய சட்டியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, ஆறவிட்டு, சிறு பெட்டிகளில் போட்டு உறையவைப்பேன். ஒரு பெட்டியை எடுத்துத் தூளும் புளியும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் மீன்குழம்பு. அரைக் கிலோ பருப்பு அவித்து மூன்றாகப் பிரித்து வைப்பேன். புட்டும் இடியப்பமும் நன்றாக உறையும்; எடுத்து ஆவியில் சூடாக்கினால் புதிதுபோல் இருக்கும். இதை ஊரிலிருக்கும் மாமிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "புட்டை ஐஸுக்கை வைச்சோ பிள்ளை சாப்பிடுறியள்?" என்று அங்கலாய்த்தார். அடுத்த கோடையில் இங்கு வந்தபோது தெரியாமலே சாப்பிட்டுவிட்டு, "பதம் நல்லாய் இருக்கு" என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சோற்றில் மாத்திரம் கவனமாக இருங்கள். மிஞ்சிய சோற்றை இரவு முழுக்க அடுப்பில் விடாதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த நாள் ஒரு தரம் மாத்திரம் நன்றாகச் சூடாக்குங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடிந்ததும் ஆண்டவர் மீதியைச் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது. அவர் கையில் அற்புதம் இருந்தும் வீணாக்கவில்லை. மீதியைப் பத்திரமாக வைப்பதும் நன்றியறிதலே.

ஊர்ச் சாமான் எல்லாவற்றுக்கும் குறொன்லாந்துக் கடைகளுக்கு ஓடத் தேவையில்லை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மாதம் ஒருமுறை போகிறேன். மற்றபடி, இங்கே விளையும் சுருள் கோவாவை மெல்லியதாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து பாருங்கள். கோடையில் மாங்காய்க்குப் பதிலாக ருபார்ப் தண்டு போட்டுப் பருப்பு வையுங்கள், நல்ல புளிப்பு. இப்போது எங்கள் தட்டில் பாதி மரக்கறி, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, கால் பங்கு சோறு. கணவர் முதல் மாதம் முறைப்பாடு செய்தார். பிறகு சாப்பிட்டபின் என்னோடு அரை மணித்தியாலம் நடக்கத் தொடங்கினார். கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு கதைத்தது அந்த நடையில்தான்.

மீன் விஷயத்தில் நாம் பாக்கியவான்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், எல்லாமாக 300 முதல் 450 கிராம் மீன் சாப்பிடும்படி நோர்வேயின் சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. நமக்கு அதைச் சொல்லித் தரவேண்டுமா? ஆனால் விற்றமின் டி விஷயத்தில் நாம் அசட்டை. ஒஸ்லோவில் ஒக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் அந்தச் சத்தைத் தரப் போதாது. நம் நிறத் தோலுக்கு இன்னும் குறைவு. பெயரில் "ஆர்" எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, மீனெண்ணெய் குடிக்கவேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். ஒரு தேக்கரண்டி, 5 மில்லிலீற்றர், ஒரு நாளைக்குப் போதும்.

அடுத்தது பிள்ளைகளின் மாத்பக்கே. 1930களில் ஒஸ்லோப் பாடசாலைகளில் வைத்தியர் கார்ல் ஷியொட்ஸின் யோசனைப்படி, தவிட்டுப் பாண், பால், பழம் அல்லது கரட் கொண்ட காலை உணவு பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வழக்கத்தின் பிள்ளைதான் இன்றைய பாண் பொதி. என் மகன் சிறுவனாக இருந்தபோது நான் இடியப்பமும் சம்பலும் கொடுத்தனுப்பினேன். பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினானாம். எனக்குக் கோபமும் அழுகையும் வந்தன. இப்போது அவனைக் கேட்டுத்தான் கட்டுகிறேன். தக்காளிச் சாற்றில் போட்ட டின்மீனைப் பாணில் வைத்துச் சாப்பிடுவது நோர்வேப் பழக்கம்; அதில் கொஞ்சம் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காயும் சேர்த்தால் நம் ஊர் டின்மீன் சம்பல். இரண்டு ஊரும் ஒரே பாணில் இருக்கிறது. பாண் வாங்கும்போது உறையிலுள்ள நான்கு பங்கு வட்டத்தைப் பாருங்கள். மூன்று பங்காவது நிறைந்திருந்தால் அதில் முழுத்தானியம் பாதிக்கு மேல் என்று அர்த்தம்.

சகோதரர்களே, இப்போது உங்களோடு ஒரு வார்த்தை. யோவான் 21ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசியுங்கள். சீஷர்கள் இரவு முழுக்க வலை போட்டு வெறுங்கையோடு இருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால், இரவு வேலை முடித்தவர்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தவர் யார்? உயிர்த்தெழுந்த ஆண்டவர். மரணத்தை வென்ற கை அடுப்பு மூட்டியது. அப்படியிருக்க, வெங்காயம் உரிப்பது ஆண்பிள்ளைக்கு இழுக்கு என்று நாம் எப்படிச் சொல்வது? கட்டடத்து முற்றம் துப்புரவாக்க டுக்னாட் என்று அறிவித்தால் முதல் ஆளாய்ப் போகிறோம். வீட்டு அடுப்படிக்கும் ஒரு டுக்னாட் வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் நாள். நோர்வே முழுக்கப் போல அன்று டாக்கோ. வெட்டுவதும் கழுவுவதும் அவர்கள்.

சகோதரிகளே, உங்களோடும் ஒன்று. மார்த்தாள் சமைத்ததை ஆண்டவர் குறை சொன்னதாக நான் வாசிக்கவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்தவளே அவள்தான். அவள் பலதுக்கும் இழுபட்டுக் கலங்கியதைத்தான் அவர் கண்டார். எட்டுக் கறி இல்லாவிட்டால் விருந்தாளி என்ன நினைப்பார் என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்தினாலேயே யாரையும் அழைக்காமல் விடுகிறோம். நம்மிடையே தனியாக அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துணையை இழந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டுக் கறி வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் சாப்பிடும் பருப்பும் சோறும், உங்கள் மேசையில் ஒரு கதிரையும் போதும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. சில கிழமைகளில் நான்கு வேளை இரண்டாகிவிடும். கடையில் வாங்கிய உறைந்த பீட்சாவும் எங்கள் வீட்டில் வேகிறது. கணவரின் சீனி 46க்கு வந்தது, பிறகு 47. வைத்தியர் தொடர்ந்து பார்க்கிறார். ஆனால் போன மாதம் நான் பின்னேர வேலை முடித்து இரவு பத்தரைக்கு வந்தபோது, மேசையில் ஒரு தட்டு மூடி இருந்தது. மகன் பருப்பு வைத்திருந்தான். உப்புக் கூட. மகள் நித்திரை கொள்ளாமல் காத்திருந்தாள். கதிரையை இழுத்துவிட்டு, "இருங்கோ அம்மா" என்றாள்.

இருந்து சாப்பிட்டேன்.

இந்த ஆண்டுவிழாவில் நம் சபைக்கு ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போய் நாட்காட்டியை எடுங்கள். உங்கள் குடும்பம் ஒன்றாக இருக்கும் வேளைகளுக்கு வட்டம் போடுங்கள். ஒன்றே ஒன்றானாலும் போடுங்கள். அதில் மாதம் ஒரு வேளைக்கு, தனியாகச் சாப்பிடும் ஒருவரின் பெயரையும் எழுதுங்கள்.

எம்மாவூரில் அப்பத்தைப் பிட்டபோது தம்மை வெளிப்படுத்திய ஆண்டவர், உங்கள் ஒவ்வொருவருடைய மேசையிலும் வந்தமர்ந்து, சமைக்கிற கைகளையும் கழுவுகிற கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.